கொடி ஏறிவிட்டது, பூ எங்கே? மாலையில் மலரும் மூன்று கொடிகள்

முல்லைக்கொடி மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிவிட்டது. இலையெல்லாம் கரும்பச்சையாகப் பளபளக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தபின் கொடியடியில் போய் நின்றால் வாசனையே இல்லை. மாலையில் பூக்கும் கொடி வளர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இதுதான். கொடி செழிப்பது வேறு, பூப்பது வேறு. செழிக்க வைக்கத் தண்ணீரும் சாணமும் போதும். பூக்க வைக்க வேண்டுமானால், அந்தக் கொடி எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முல்லை கத்தரிக்கோலுக்காகக் காத்திருக்கிறது. நிலாப்பூக்கொடி நீண்ட இருட்டுக்காகக் காத்திருக்கிறது. ரங்கூன் மல்லிக்கு வேண்டியது வெயிலும் இடமும். மூன்றையும் ஒரே மாதிரி வளர்த்தால் ஒன்றாவது ஏமாற்றும்.

முல்லையிலிருந்து தொடங்கலாம். நர்சரியில் முல்லை என்று கேட்டால் சில இடங்களில் ஊசிமல்லி என்று எடுத்துத் தருவார்கள், சில இடங்களில் ஜாதிமல்லியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பூ இல்லாத கன்றில் அடையாளம் பார்க்க இலை போதும். ஓர் இலையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய இலை இருக்கும். அதன் காம்பில் இரண்டு பக்கமும் காது வைத்தாற்போல் இரண்டு குட்டி இலைகள் ஒட்டியிருக்கும். சில இலைகளில் அந்தக் காது கடுகளவுதான், சிலவற்றில் இருக்கவே இருக்காது. நாலைந்து இலை புரட்டினால் பிடிபட்டுவிடும். தாவரவியல் பெயரில் வரும் ‘ஆரிகுலேட்டம்’ என்ற சொல்லும் இந்தக் காதைத்தான் சொல்கிறது. ஜாதிமல்லியில், அதாவது பிச்சியில், ஒரே காம்பில் ஏழு முதல் பதினொன்று வரை சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். மொட்டின் வெளிப்புறத்தில் ரோஜாநிறச் சாயை ஓடும்.

இடம் தேர்வு செய்யும்போது இரவுப் பூ என்பதை மறந்துவிடுங்கள். பூ இரவில் விரியலாம், அதற்கான சமையல் பகல் வெயிலில்தான் நடக்கிறது. ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் முல்லை இலையைத்தான் கொடுக்கும். படுக்கையறை ஜன்னலுக்கு வாசனை வர வேண்டும் என்று வடக்குச் சுவரோரம் நடுகிறார்கள். அங்கே பெரும்பாலான மாதங்களில் நேர் வெயில் வருவதில்லை, வாசனையும் வருவதில்லை. வெயில் உள்ள மூலையில் நட்டு, கொடியை ஜன்னல் பக்கம் இழுத்துக் கட்டுவதே சரி.

தரையில் நடுவதானால் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, ஒரு வாரம் காயவிட்டு, மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கைப்பிடி இரண்டு வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடுங்கள். களிமண் பூமியானால் ஒரு பங்கு ஆற்றுமணலோ எம்-சாண்டோ சேர்க்காமல் நடாதீர்கள். முல்லையின் வேர் தண்ணீரில் நின்றால் ஒரே மழையில் அழுகும். மாடியில் வைப்பவர்களுக்கு 40 முதல் 50 லிட்டர் கொள்ளளவுள்ள டிரம் வேண்டும். செம்மண் இரண்டு, மக்கிய உரம் ஒன்று, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒன்று. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு ஓட்டை போட்டு, கீழே செங்கல் துண்டு வைத்துத் தூக்கி வையுங்கள். நனைந்த மண்ணோடு அந்த டிரம் 60 கிலோவுக்கு மேல் வரும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ போகிற கோட்டின்மேல் வையுங்கள்.

நட ஏற்ற காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. கன்று வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பக்கத்து வீட்டில் நன்றாகப் பூக்கும் கொடி இருந்தால் பதியன் போட்டுக்கொள்ளலாம். தாழ்வாகப் போகும், ஓராண்டு முற்றிய கிளை ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே ஓர் அங்குல நீளத்துக்குச் சரிவாகக் கீறுங்கள். பாதிப் பருமன் வரைதான், துண்டாகக் கூடாது. கீறல் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைத்துவிடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். கல்லை எடுத்து லேசாக இழுத்துப் பார்க்கும்போது கிளை வராமல் பிடித்துக்கொண்டால், தாய்க்கொடியிலிருந்து வெட்டி, பத்து நாள் அங்கேயே விட்டு, பிறகு பெயர்த்தெடுங்கள். வெட்டிய கையோடு பெயர்ப்பதுதான் பதியன் சாவதற்குப் பெரிய காரணம்.

முல்லைக்குப் பாகல் போலப் பற்றுக்கம்பி கிடையாது. எதன்மேலாவது சாய்ந்து, இடுக்கில் நுழைந்துதான் மேலே போகும். பாரி தேரைக் கொடுத்தது காற்றில் அலைந்த கொடிக்கு. கொடியை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் முதல் பாதி நன்றாகவே புரியும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை ரகம் ஒன்றுக்குப் பாரிமுல்லை என்றே பெயர். ஆக, நாம்தான் ஏற்றிக் கட்ட வேண்டும். நைலான் கயிறு ஒரு கோடை வெயிலிலேயே இற்றுப்போய், கொடி கனத்த நேரத்தில் அறுந்துவிழும். 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி போதும். கட்டும்போது கம்பியில் ஒரு சுற்று, கொடியில் தளர்வாக ஒரு சுற்று என்று எட்டுப் போல வாழைநாரிலோ பழைய பருத்தித் துணியிலோ கட்டுங்கள். கொடி பருத்தபின் இறுக்கிய கட்டு தண்டுக்குள் புதைந்து, அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடும்.

இனி கத்தரி. முல்லை புதுத் தளிரின் நுனியிலும் அதன் கணுக்களிலும்தான் பூக்கும். பழைய கிளை எவ்வளவு நீண்டாலும் அது வெறும் ஏணிதான். கவாத்து செய்யாத கொடியில் புதுத்தளிர் உச்சியில் மட்டும் வரும், பூவும் எட்டாத உயரத்தில் நாலு வரும். ‘வளர்த்ததை வெட்ட மனசு வரவில்லை’ என்கிறவர்களின் கொடிதான் பூக்காத கொடி. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். புதராக வளர்ப்பதானால் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். பந்தலில் ஏறியதானால் தாய்த்தண்டு இரண்டு அல்லது மூன்றைப் பந்தல் வரை அப்படியே விட்டு, பந்தல்மேல் படர்ந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, இரண்டு மூன்று கணு மட்டும் விட்டுக் குறைத்துக்கொண்டே போங்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, வேரிலிருந்து மெல்லியதாகக் கிளம்பும் குச்சி மூன்றையும் அடியோடு எடுங்கள். வெட்டு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக இருக்கட்டும். பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள்.

வெட்டி முடித்த கொடி மொட்டையாக நிற்கும். பதற வேண்டாம். உரம் வைக்க வேண்டிய நேரம் அதுதான். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகக் கிளறி, தரைக்கொடிக்கு 10 கிலோ தொழு உரம், டிரம்முக்கு இரண்டு கிலோ. கூடவே எலும்புத்தூள் 100 கிராம், ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல். உப்புத் தண்ணீர் பாயும் இடமானால் சாம்பல் வேண்டாம். உரமிட்டதும் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். மூன்று வாரத்தில் கணுதோறும் தளிர் கிளம்பும், பங்குனி சித்திரையில் மொட்டுத் தெரியும், அக்டோபர் வரை அலையலையாகப் பூக்கும். இரண்டாம் தவணை உரம் ஜூன், ஜூலையில். மல்லிகைக் குடும்பத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் உர அளவுகளில் குண்டுமல்லிக்கானதைப் பாருங்கள்: தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கென்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இரண்டிரண்டு பங்கு. வீட்டில் நாம் செய்வது தலைகீழ். வாரம் ஒருமுறை சாணக்கரைசல், அதன்மேல் மீன் அமிலம், அதன்மேல் கடலைப்புண்ணாக்குத் தண்ணீர் என்று தழைச்சத்தாகவே ஊற்றுகிறோம். கொடி இலையும் தண்டுமாகப் பெருத்துவிட்டு மொட்டை மறந்துவிடுகிறது. கரும்பச்சை இலை, நீளநீளமான கணு, பூ இல்லை என்றால் ஒரு மாதத்துக்கு எந்தக் கரைசலும் ஊற்றாதீர்கள்.

இலை வெளிறுவது வேறு விஷயம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகி, இருக்கிற இரும்பும் வேருக்கு எட்டாமல் போய்விடுகிறது. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். மழைநீர் பிடிக்க முடிந்தால் டிரம் செடிகளுக்கு அதையே கொடுங்கள்.

மொட்டு வந்தபின் கெடுப்பவை முக்கியமாக மூன்று. மொட்டுகள் நூலால் பின்னியதுபோல் ஒட்டிக்கொண்டு ஓட்டை விழுந்திருந்தால் மொட்டுப்புழு. அந்தக் கொத்தைக் கிள்ளி எறிவதே முதல் மருந்து. மொட்டின் அடி வீங்கி, வெள்ளை நிறம் ஊதாவாக மாறி விரியாமலே காய்ந்தால் மொட்டு ஈ. ஒன்றைப் பிளந்து பாருங்கள், உள்ளே ஊசிமுனை அளவில் புழு நெளியும். அது மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகிறது என்பதால், கொடிக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. ஊதாமொட்டுகளைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, அடிமண்ணைக் கொத்தி வேப்பம்புண்ணாக்குத் தூவுங்கள். மூன்றாவது, இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போன்ற சிலந்திப்பேன் தாக்குதல். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். சாதாரண நாட்களில் 15 நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளித்து வந்தால் மூன்றுமே கட்டுக்குள் இருக்கும். பூ விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை என்று வைத்தவர்கள் கொடியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு மழை விழுந்த சில நாளில் வரும் அலை எந்த உரத்துக்கும் வராது. தொடுப்பதற்கென்றால் காலையிலேயே பறித்துவிடுங்கள்: அன்று மாலை விரியப்போகும் மொட்டு காலையிலேயே பால்வெள்ளையாக நுனி உப்பியிருக்கும், அடுத்த நாளுக்குரியது இன்னும் பச்சை கலந்து ஒல்லியாக இருக்கும். பறித்தபின்னும் மல்லிகை இனம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஈரத் துணியில் சுற்றி வைத்த முல்லை இரவு ஏழு மணிக்கு அறையை நிறைப்பது அதனால்தான்.

நிலாப்பூக்கொடிக்குக் கத்தரியே வேண்டாம். இது தாழம்பூக் குடும்பமோ மல்லிகைக் குடும்பமோ இல்லை. சர்க்கரைவள்ளியின் உறவு, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. விதைக் கடையில் மூன்ஃப்ளவர் என்று கேட்க வேண்டும். கவனம், அதே பெயரில் ஊமத்தை விதையும் விற்கிறார்கள். ஊமத்தை முழுக்க நஞ்சு, கொடியும் அல்ல. நிலாப்பூ விதை பட்டாணி அளவில், வழுவழுப்பாக, தந்தநிறத்திலோ வெளிர்பழுப்பிலோ கெட்டியாக இருக்கும். ஊமத்தை விதை தட்டையாக, சிறிதாக இருக்கும். நிலாப்பூ விதையையும் குழந்தைகள் வாயில் போட விடாதீர்கள்.

அந்தக் கெட்டித் தோல்தான் முளைக்காததற்குக் காரணம். விதையில் ஒரு வெளிறிய தழும்பு இருக்கும், அது காயோடு ஒட்டியிருந்த இடம். அதற்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். உப்பாததை இன்னொரு முறை தேய்த்து ஊறவையுங்கள். அப்படியே நட்டால் மண்ணுக்குள் கல்லாகக் கிடக்கும். வேரைத் தொந்தரவு செய்தால் முரண்டு பிடிக்கும் கொடி இது, நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல், 12 அங்குலத் தொட்டியில் நேரடியாக முக்கால் அங்குல ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். ஒரு வாரத்தில் முதல் இலை வரும், மீன்வால் போல இரண்டாகப் பிளந்திருக்கும். அதைப் பூச்சி கடித்தது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

இது தானே சுற்றி ஏறும். ஆனால் மெல்லிய கயிற்றைச் சுற்றும் வேகத்தில் மூன்று அங்குலக் குழாயைச் சுற்றாது. சணல் கயிறு கட்டிவிட்டால் தானே போய்விடும். உரம் மிகக் குறைவாகக் கொடுங்கள், மாதம் ஒருமுறை கைப்பிடி மண்புழு உரம் தாராளம். பசித்த கொடிதான் மொட்டு வைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் இருட்டு. நிலாப்பூ பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் கொடி. சித்திரையில் விதைத்துவிட்டு ஆடிவரை பூவில்லை என்று பிடுங்கிப் போட்டவர்கள், இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பூவைப் பார்த்திருப்பார்கள். ஆனி, ஆடியில் விதைத்தால் புரட்டாசிக்குப் பின் பூக்கத் தொடங்கி, மார்கழிப் பனியிலும் பூக்கும். தெருவிளக்கோ வாசல் எல்.இ.டி.யோ இரவெல்லாம் நேராகக் கொடிமேல் விழுந்தால் அதற்கு இரவு நீண்டதே தெரியாது; மொட்டு தள்ளிப்போகும், குறையும். விளக்கை மாற்ற முடியாதென்றால் கொடியை விளக்கு எட்டாத பக்கம் ஏற்றுங்கள்.

பூ விரிவதை ஒருமுறையாவது உட்கார்ந்து பாருங்கள். பகலில் மொட்டு, மடக்கி முறுக்கிய குடைபோல நீண்டு நிற்கும். அன்று விரியப்போவது மதியமே விரல் நீளத்துக்கு வெள்ளையாகத் தெரியும். சூரியன் மறைந்ததும் அதன் நுனி மெல்ல நடுங்கத் தொடங்கும். முறுக்கு ஒரு பக்கம் நெகிழும், நிற்கும், மறுபடி நெகிழும். பிறகு ஓரிரண்டு நிமிடத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். வெள்ளைப்பரப்பில் ஐந்து வெளிர்பச்சைக் கோடுகள் நட்சத்திரம் போல ஓடும். காலை வெயில் ஏறியதும் துவண்டு மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. காய் பிடிக்க விட்டால் பூ குறையும், விதைக்கு நாலைந்து காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். தண்டை ஒடித்தால் பால் வடியும். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியின் பழங்குடிகள் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கொடிச் சாற்றை ரப்பர் பாலில் கலந்து, துள்ளும் பந்து செய்தார்கள். முடிந்த கொடியை ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள், அங்கே களையாகப் படரும்.

ரங்கூன் மல்லியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அதை வளர்ப்பதைவிட அடக்குவதுதான் வேலை. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜாநிறமாகி, அதற்கடுத்து சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். மணம் வெள்ளையாக இருக்கும் முதல் இரவில்தான் அதிகம். இலை உதிர்ந்தபின் காம்பின் அடி முள்ளாக இறுகி நின்று, அதைக் கொக்கியாக்கிக்கொண்டு ஏறும். கையுறை இல்லாமல் கவாத்துக்குப் போகாதீர்கள். 20 அடிக்கு மேல் ஏறும், இரும்புச் சட்டம் வேண்டும், நாலு பக்கமும் வேரிலிருந்து கன்று விடும். அந்தக் கன்றையே பிரித்து நடலாம். பக்கத்து வீட்டு மதிலிலிருந்து எட்டு அடியாவது தள்ளி நட்டு, பூ ஓய்ந்த தை, மாசியில் பாதியாக வெட்டுங்கள். தொட்டியில் வைப்பது வீண்.

பந்தலில் சுரையும் புடலையும் இருந்தால் அவையும் மாலைப் பூக்கள்தான். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரத்தைத் தேடாதீர்கள். அடுக்குமாடி உயரத்தில், விளக்கு வெளிச்சத்தில் அந்துப்பூச்சி வராமல் மகரந்தம் சேராததே பெரும்பாலும் காரணம். பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை ஒதுக்கி, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். காலையில் போய்த் தடவினால் நேரம் தவறிவிடும். நிலாப்பூவின் இலையை மேயும், வால்பக்கம் கொம்பு வைத்த விரல்தடிப் புழுவும் வளர்ந்தால் இரவில் தேன் குடிக்க வரும் பெரிய அந்துப்பூச்சிதான். கொடியை மொட்டையாக்காத வரை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து.

முல்லை வைத்தால் வாசனைக்குப் பாம்பு வரும் என்ற பயத்தில் கொடியையே வேண்டாம் என்பவர்கள் நிறைய. பூ வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. ஈரமான சருகும் அடர்ந்த அடிப்புதரும் தவளைக்கும் எலிக்கும் ஒதுங்க இடம்; அவற்றைத் தேடித்தான் வரும். தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை இலையும் கிளையும் இல்லாமல் தண்டை வெறுமையாக வைத்து, கொடியடியில் சருகு, செங்கல், உடைந்த தொட்டி எதையும் குவிக்காமல், வாரம் ஒருமுறை பெருக்கிவிடுங்கள். மாலையில் பறிக்கப் போகும்போது கையில் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.